சாட்சி வராத ஊர், சாட்சி வேண்டாத ஊர்

எல் சால்வடாரின் தலைநகரை ஒட்டியிருக்கும் சோயபாங்கோவில் லா கம்பனேரா என்றொரு குடியிருப்பு உண்டு. தோளோடு தோள் உரசும் சின்னச் சின்ன வீடுகள், குறுகிய சந்துகள். பல ஆண்டுகள் அங்கே ஆட்சி நடத்தியது பாரியோ 18 என்ற கும்பல். கும்பல்கள் ஆண்ட பகுதிகளின் சுவர்களில் மூன்று சொற்கள் எழுதியிருக்கும்: பார், கேள், வாயை மூடு. ஸ்பானிய மொழியில் ‘வேர், ஓயிர், கயார்’. அந்நாட்டு நீதிமன்றங்களின் நிலையை இதைவிடச் சுருக்கமாக யாரும் எழுதிவிட முடியாது. கொலையைப் பார்த்தவர்கள் இருந்தார்கள், அலறலைக் கேட்டவர்கள் இருந்தார்கள், சொல்லத்தான் ஆளில்லை. சொல்ல ஆளில்லாத ஊரில் வழக்கு ஏது?

2022இல் அவசரநிலையை அறிவித்துப் பல்லாயிரம் பேரைச் சிறையில் தள்ளிய அதிபர் நயீப் புகேலேயின் ஆட்சியில், இப்போது அந்தச் சுவர்களுக்கு வெள்ளையடித்துவிட்டார்கள். கும்பல் சின்னம் பொறித்த கல்லறைகளைக் கைதிகளை வைத்தே உடைத்தெடுத்தார்கள். 2015இல் 6,600க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்ட நாட்டில் 2024இல் அரசுக் கணக்குப்படி 114 கொலைகள்தான். இதைக் கொண்டாடுபவர்களும் உண்டு, சிறைகளைக் காட்டிப் பதறுபவர்களும் உண்டு. முதல் தரப்புக்கு நீதிமன்றம் என்றால் ரவுடிகளைத் தப்பவிடும் ஓட்டை. இரண்டாம் தரப்புக்கு அது அநியாயமாக இடித்துத் தள்ளப்பட்ட கோயில். எனக்கு இரண்டிலும் உடன்பாடில்லை. கும்பல்களின் காலத்தில் அங்கே வழக்கு நடக்கவில்லை, சாட்சி வரவில்லை என்பதால். இப்போதும் வழக்கு என்று சொல்லத்தக்கது நடப்பதில்லை, சாட்சியே தேவைப்படவில்லை என்பதால். இந்த ஒரு நூலைப் பிடித்துக்கொண்டு போனால்தான் மக்களின் கோபமும் புரியும், அந்தக் கோபத்தை அரசு என்ன செய்தது என்பதும் புரியும்.

திரும்பி வந்தவர்கள்

தமிழ்நாட்டின் பரப்பில் ஆறில் ஒரு பங்குதான் இருக்கும் இந்த நாட்டில் 1980 முதல் 1992 வரை உள்நாட்டுப் போர் நடந்தது. ஏறத்தாழ 75,000 பேர் மாண்டார்கள். உயிர் தப்பி அமெரிக்காவுக்கு ஓடியவர்களில் ஏராளமானோர் லாஸ் ஏஞ்சலஸின் ஏழைத் தெருக்களில் ஒதுங்கினார்கள். அந்தக் குடும்பங்களின் பையன்கள் அங்கிருந்த கும்பல்களிடம் அடிவாங்கி, பிறகு தாங்களே ஒன்றைத் தொடங்கினார்கள். மாரா சால்வாத்ருச்சா என்ற அந்தக் கும்பல்தான் பின்னாளில் எம்எஸ்-13 ஆனது. பாரியோ 18 அதைவிட மூத்தது. லாஸ் ஏஞ்சலஸின் 18ஆம் தெருவில் மெக்சிகோ வம்சாவளியினர் தொடங்கியது. இரண்டுமே அமெரிக்கச் சரக்குதான். 1996இல் அமெரிக்கா தன் குடியேற்றச் சட்டத்தைக் கடுமையாக்கி, தண்டனை பெற்றவர்களை விமானம் விமானமாகச் சால்வடாருக்கு ஏற்றியனுப்பியது. வந்து இறங்கியவர்களில் சிலருக்குத் தாய்மொழியே சரியாக வராது. போர் முடிந்து, பழைய காவல் துறையைக் கலைத்துப் புதிதாக ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்த நேரம் அது.

இன்னொன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். போர்க்காலக் கொலைகளைப் பற்றி ஐ.நா. அமைத்த உண்மை ஆணையம் 1993 மார்ச்சில் அறிக்கை தந்தது. ஐந்தே நாளில் நாடாளுமன்றம் பொது மன்னிப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. 1981 டிசம்பரில் எல் மொசோத்தே என்ற மலைக்கிராமத்திலும் சுற்றுப்புறங்களிலும் ராணுவம் ஆயிரத்தையொட்டிய பேரைக் கொன்றிருந்தது. கொல்லப்பட்டவர்களில் பெரும்பாதி குழந்தைகள். அந்த வழக்கும் மூட்டை கட்டப்பட்டது. கொன்றால் கேள்வி இல்லை என்ற பாடத்தை இந்த நாடு முதலில் கும்பல்களிடம் படிக்கவில்லை, அரசிடம்தான் படித்தது.

ரெந்தா

கும்பல் எப்படிப் பிழைத்தது என்று தெரிந்தால்தான் மக்களின் ஆத்திரத்தின் அளவு தெரியும். மெக்சிகோ, கொலம்பியா கும்பல்களைப் போல இவர்கள் போதைப்பொருளில் கோடிகளைப் புரட்டியவர்கள் அல்லர். இவர்களுடைய வருமானம் ‘ரெந்தா’. ஸ்பானிய மொழியில் வாடகை என்று பொருள். நம் ஊர் வழக்கில் மாமூல். தள்ளுவண்டிக்காரர், ரொட்டிக்கடை, சோள அடை சுட்டு விற்கும் பாட்டி, பஸ் முதலாளி என்று எல்லோரும் கட்ட வேண்டும். கட்டாத பஸ்ஸின் ஓட்டுநர் ஸ்டீயரிங்கிலேயே சுடப்படுவார். சால்வடார் மக்கள் ஆண்டுக்குச் சுமார் 75 கோடி டாலரைக் கும்பல்களுக்கு அழுவதாக அந்நாட்டு மத்திய ரிசர்வ் வங்கியின் 2016ஆம் ஆண்டு ஆய்வு கணக்கிட்டது. நாட்டின் மொத்த உற்பத்தியில் ஏறக்குறைய 3 சதவீதம். ஏழை ஏழையிடம் பிடுங்கிய பணம் அது. பணக்காரர்களின் குடியிருப்புகளுக்கு மதில் இருந்தது, துப்பாக்கியேந்திய காவலாளி இருந்தார்.

பணத்தைவிடப் பெரிய கொடுமை எல்லைக்கோடு. ஒரு தெரு எம்எஸ்-13உடையது, அடுத்த தெரு 18உடையது. தெருமுனையில் நிற்கும் பன்னிரண்டு வயதுப் பையனுக்கு ‘போஸ்தே’ என்று பெயர், அதாவது கம்பம். புதுமுகம் வந்தால் அவன் தகவல் சொல்வான். கார் உள்ளே வரும்போது கண்ணாடியை இறக்கி முகத்தைக் காட்ட வேண்டும். அடையாள அட்டையில் எந்தப் பேட்டையின் முகவரி இருக்கிறது என்று பார்ப்பார்கள். எதிர்க் கும்பலின் பேட்டை என்றால் அந்த அட்டையே மரண ஓலை. அடுத்த தெருவில் இருக்கும் தாத்தாவைப் பார்க்க முடியாத பேரப்பிள்ளைகள், பக்கத்துப் பள்ளி ‘மற்றவர்கள்’ பகுதியில் இருந்ததால் படிப்பை விட்டவர்கள், மகள் மீது கும்பல்காரன் கண் விழுந்ததால் இரவோடு இரவாக வீட்டைப் பூட்டிக்கொண்டு போனவர்கள் என்று ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு கதை. நாட்டின் அன்றைய 262 நகராட்சிகளில் பத்துக்கு ஒன்பதுக்கு மேல் கும்பல்களின் கை ஓங்கியிருந்தது.

இத்தனைக்கும் போலீசில் புகார் கொடுத்தால் என்ன ஆகும்? கொடுத்தவர் திரும்பவும் அதே சந்துக்குத்தானே போயாக வேண்டும்? சாட்சிப் பாதுகாப்புச் சட்டம் இருந்தது. முகத்தை மூடி, புனைபெயரில் சாட்சி சொல்லும் ஏற்பாடும் இருந்தது. ஆனால் இருபது வீடுகள் உள்ள சந்தில் நடந்த கொலைக்கு யார் சாட்சி சொன்னார் என்று கண்டுபிடிக்கப் பெரிய மூளை வேண்டியதில்லை. ஆகவே அரசு வழக்கறிஞர்கள் அப்ரூவராக மாறிய கும்பல்காரர்களையே நம்பி வழக்கு நடத்தினார்கள். நான்கு கொலை செய்தவன் மற்றவர்களைக் காட்டிக்கொடுத்து வெளியே வருவான். அவன் வாக்குமூலத்தில் முரண்பாடு என்று மற்றவர்களும் வெளியே வருவார்கள். பத்துக் கொலைகளில் ஒன்பதுக்கு மேல் தண்டனையே இல்லாமல் போயின. செத்தவனின் தாய் கடைக்குப் போகும் வழியில் கொன்றவனைத் தினம் பார்த்தாள். அவன் வணக்கம் சொன்னால் பதில் வணக்கமும் சொன்னாள்.

இரும்புக் கையும் ரகசியக் கையும்

அரசுகள் சும்மா இருக்கவில்லை. சும்மா இருந்திருந்தால்கூடக் கெடுதல் குறைந்திருக்கும் என்று சில சமயம் தோன்றுகிறது. 2003இல் அதிபர் பிரான்சிஸ்கோ புளோரெஸ் ‘மானோ துரா’, அதாவது இரும்புக் கை என்ற திட்டத்தைக் கொண்டுவந்தார். பச்சை குத்தியிருப்பதையே குற்றமாக்கும் அளவுக்குப் போனது அதற்கான சட்டம். ஆயிரக்கணக்கில் பிடித்தார்கள், பெரும்பாலானோரை ஆதாரம் இல்லை என்று நீதிபதிகள் விடுவித்தார்கள். 2004இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியலமைப்பு அமர்வு அந்தச் சட்டத்தையே செல்லாது என்றது. சட்டப்படி அது சரியான தீர்ப்பு. ஆனால் தெருவில் நின்று பார்த்தவருக்கு எப்படித் தெரிந்தது? காலையில் பிடித்துப் போனவன் மாலையில் சிரித்துக்கொண்டு திரும்பி வருகிறான், அனுப்பியவர் நீதிபதி. புலனாய்வு செய்யாத போலீசின் மீதும், ஆதாரம் சேர்க்காத அரசுத் தரப்பின் மீதும் போக வேண்டிய கோபம் கறுப்பு அங்கியின் மீது போனது. அரசியல்வாதிகளுக்கு அது வசதியாகவும் இருந்தது. அடுத்த அதிபர் அந்தோனியோ சாகா, அதே சரக்குக்கு ‘சூப்பர் மானோ துரா’ என்று பெயர் மாற்றினார்.

இரும்புக் கை சாதித்தது ஒன்றே ஒன்று. சண்டை வராமலிருக்கக் கும்பலுக்கொரு சிறை என்று பிரித்தார்கள். சியுதாத் பாரியோஸ் சிறை எம்எஸ்-13க்கு என்று ஆனது. நாடு முழுக்கச் சிதறிக் கிடந்த பையன்களை ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்து, தலைமைச் செயலகம் ஒன்றை அரசுச் செலவில் அமைத்துக் கொடுத்தது போலாயிற்று. அதன் பிறகு உத்தரவுகள் சிறையிலிருந்து செல்போனில் வந்தன.

2010 ஜூன் 20 அன்று தலைநகரை அடுத்த மெஹிகானோஸில் பாரியோ 18ஐச் சேர்ந்தவர்கள் ஒரு மினி பஸ்ஸைப் பயணிகளோடு கொளுத்தினார்கள். 17 பேர் இறந்தார்கள். நாடே கொதித்தது. கும்பல்களைத் தடைசெய்யும் சட்டம் வந்தது. பதிலுக்குக் கும்பல்கள் மிரட்டியே நாட்டின் பஸ் போக்குவரத்தை நிறுத்திக் காட்டின. சட்டம் யார் கையில் இருக்கிறது என்று அன்றைக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

பிறகு வந்தது ரகசியக் கை. 2012 மார்ச்சில், சக்கதேகோலூக்கா என்ற உச்சகட்டப் பாதுகாப்புச் சிறையில் இருந்த 30 தலைவர்களைச் சாதாரணச் சிறைகளுக்கு மாற்றினார்கள். கொலைகள் ஒரே வாரத்தில் சரிந்தன. நாளுக்குப் பதினான்கு என்றிருந்தது ஐந்து, ஆறு என்றானது. அதிபர் மௌரிசியோ ஃபூனெஸ் அரசு கும்பல்களோடு உடன்படிக்கை செய்துகொண்டதை ‘எல் ஃபாரோ’ பத்திரிகை வெளிக்கொண்டு வந்தது. உயிர்கள் காப்பாற்றப்பட்டன என்பது உண்மை. ஆனால் கும்பல்களும் ஒரு பாடம் படித்தன: பிணங்களின் எண்ணிக்கைதான் பேரம் பேசும் நாணயம். தேவைப்பட்டால் கூட்டலாம், சலுகை கிடைத்தால் குறைக்கலாம். உடன்படிக்கை முறிந்ததும் 2015இல் கொலைகள் உச்சம் தொட்டன. லட்சம் பேருக்கு நூறுக்கு மேல் என்ற அந்த விகிதம், போரில்லாத நாடுகளில் அன்றைக்கு உலகிலேயே மிக அதிகமான ஒன்று. அதே ஆண்டு அரசியலமைப்பு அமர்வு கும்பல்களைப் பயங்கரவாத அமைப்புகள் என்றது. ஃபூனெஸுக்கு அந்த உடன்படிக்கைக்காக 2023இல், அவர் நிகராகுவாவில் தஞ்சம் புகுந்திருந்தபோது, 14 ஆண்டுச் சிறை விதித்தார்கள். தண்டனை கொடுத்த காலத்தில் ஆட்சியில் இருந்தவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்பது அடுத்த பகுதி.

மார்ச் 26

நயீப் புகேலே 2019 ஜூனில் பதவியேற்றார். விளம்பரத் துறையிலிருந்து வந்தவர், முப்பத்தேழு வயது, தலைகீழாகத் திருப்பிய தொப்பி. மூன்று தசாப்தங்களாக மாறி மாறி ஊழல் செய்த இரண்டு பழைய கட்சிகளையும் மக்கள் அவரைக் கொண்டு அடித்து விரட்டினார்கள். கொலைகள் குறையத் தொடங்கின; தன் பாதுகாப்புத் திட்டமே காரணம் என்றார். 2020 செப்டம்பரில் ‘எல் ஃபாரோ’ மீண்டும் சிறைப் பதிவேடுகளோடு வந்தது. புகேலே அரசும் எம்எஸ்-13உடன் பேசிக்கொண்டுதான் இருந்தது. அரசு மறுத்தது. 2021 டிசம்பரில் அமெரிக்க நிதித் துறை, அந்தப் பேச்சுவார்த்தையில் பங்கெடுத்ததாகக் கூறிச் சிறைத் துறைத் தலைவர் ஒசிரிஸ் லூனா, அரசு அதிகாரி கார்லோஸ் மரோகின் இருவர் மீதும் தடை விதித்தது.

பலரும் கவனிக்காமல் கடந்துபோகும் ஒரு தேதி இருக்கிறது: 2021 மே 1. அன்றைக்குப் புதிய நாடாளுமன்றத்தின் முதல் கூட்டம். புகேலே கட்சிக்கு 84இல் 56 இடங்கள். முதல் வேலையாக அரசியலமைப்பு அமர்வின் ஐந்து நீதிபதிகளையும், தலைமை அரசு வழக்கறிஞரையும் ஒரே இரவில் நீக்கினார்கள். அந்த அரசு வழக்கறிஞரின் அலுவலகம்தான் கும்பல் பேரத்தை விசாரித்துக்கொண்டிருந்தது. ஆகஸ்டில் 60 வயதைக் கடந்த அல்லது 30 ஆண்டு பணி முடித்த நீதிபதிகள் எல்லோரும் வீட்டுக்குப் போக வேண்டும் என்று சட்டம். நாட்டின் நீதிபதிகளில் மூன்றில் ஒரு பங்கு. மூட்டை கட்டிய எல் மொசோத்தே வழக்கை மீண்டும் திறந்து நடத்திக்கொண்டிருந்த நீதிபதி ஹோர்ஹே குஸ்மானும் அதில் அடிபட்டார். இவையெல்லாம் நடந்தபோது அவசரநிலை கிடையாது, படுகொலை கிடையாது. நீதிமன்றம் கும்பல்களுக்குக் குறுக்கே நின்றதால்தான் அதை ஒதுக்க நேர்ந்தது என்று இன்றைக்குச் சொல்கிறார்கள். வரிசை தலைகீழ்: முதலில் நீதிமன்றம் போனது, பிறகுதான் கும்பல்கள் போயின.

2022 மார்ச் 25 முதல் 27 வரை மூன்று நாட்களில் 87 பேர் கொல்லப்பட்டார்கள். 26ஆம் தேதி சனிக்கிழமை மட்டும் 62 பேர். போருக்குப் பிறகு அந்த நாடு கண்ட மிகக் கொடிய நாள். செத்தவர்களில் பலருக்குக் கும்பலோடு சம்பந்தமே இல்லை. கும்பலுக்குத் தேவைப்பட்டவை எண்கள், ஆட்கள் அல்லர். தங்கள் ஆட்கள் கைதானதால் பேரம் முறிந்து, அதற்குப் பழிவாங்கவே இந்தக் கொலைகள் என்பதைக் காட்டும் மரோகினின் ஒலிப்பதிவுகளை மே மாதம் ‘எல் ஃபாரோ’ வெளியிட்டது.

ஞாயிறு அதிகாலையில் நாடாளுமன்றம் கூடி அவசரநிலையை அறிவித்தது. அரசியலமைப்பு அதற்கு அனுமதிக்கும் காலம் 30 நாள்.

பிடிப்பது, அடைப்பது, அப்புறம்?

அந்த 30 நாளை மாதந்தோறும் நீட்டித்துக்கொண்டே போகிறார்கள். கைதின் காரணத்தைத் தெரிந்துகொள்ளும் உரிமை, வழக்கறிஞர் உரிமை இரண்டும் நிறுத்தப்பட்டன. 72 மணி நேரத்துக்குள் நீதிபதி முன் நிறுத்த வேண்டும் என்பது 15 நாள் ஆனது. கும்பலில் உறுப்பினராக இருந்தாலே 20 முதல் 30 ஆண்டு, தலைவர் என்றால் 45 வரை. பன்னிரண்டு வயதுச் சிறுவனுக்கும் பத்தாண்டு வரை சிறை என்று 2022இல் சட்டம் செய்தார்கள். 2025 தொடக்கத்துக்குள் 85,000 பேருக்கு மேல் உள்ளே போயிருந்தார்கள். 60 லட்சத்துச் சொச்சம் மக்கள்தொகையில் அது நூற்றுக்கு ஒன்றைத் தாண்டும். உலகில் வேறெங்கும் இந்த விகிதம் இல்லை. 2022 டிசம்பரில் சோயபாங்கோவைப் பத்தாயிரம் சிப்பாய்களும் போலீசாரும் சுற்றிவளைத்துத் தெருத்தெருவாகச் சலித்தார்கள்.

இதில் என்னை நிறுத்தி யோசிக்கவைத்தது குற்றப்பத்திரிகையின் தன்மை. பெரும்பாலோர் மீது சுமத்தியிருப்பது ‘சட்டவிரோதக் கூட்டம்’ என்ற ஒற்றைக் குற்றம். யாரைக் கொன்றான், யாரிடம் பறித்தான், எந்த நாள், எந்தத் தெரு என்று எதுவும் வேண்டாம். பச்சை குத்தியிருந்தது, பக்கத்து வீட்டுக்காரர் 123 என்ற எண்ணுக்குப் பெயர் சொல்லாமல் போன் செய்தார், பதற்றமாகத் தெரிந்தான் போன்றவை கைதுக்குக் காரணங்களாக ஆவணங்களில் பதிவாகியிருக்கின்றன. ஒரே விசாரணையில் நானூறு, ஐந்நூறு பேரைக் காணொளியில் நிறுத்தி, அரசு அமர்த்திய வழக்கறிஞருக்குச் சில நிமிடங்கள் மட்டும் தந்து, எல்லோரையும் காவலில் வைக்க உத்தரவிட்டிருக்கிறார்கள். நீதிபதியின் பெயரும் முகமும் மறைக்கப்பட்டிருக்கும். ஒரு காலத்தில் சாட்சி முகத்தை மூடிக்கொண்டு வந்தார். இப்போது நீதிபதி மூடிக்கொள்கிறார்.

2023 ஜூலையில் இன்னொரு சட்டம் வந்தது. 900 பேர் வரை ஒரே வழக்கில் சேர்த்து விசாரிக்கலாம். அந்தக் கும்பல்வாரிக் குற்றச்சாட்டுகளைத் தயாரிக்க அரசுத் தரப்புக்கு இரண்டு ஆண்டுகள். 2025 ஆகஸ்டில் மேலும் இரண்டு ஆண்டுகள். கணக்குப் போட்டால், 2022 ஏப்ரலில் பிடிபட்டவர் ஐந்தாண்டுக்கு மேல் தீர்ப்பில்லாமல் கிடக்கலாம். அவசரநிலையின் முதல் ஆண்டில் சிறையில் இறந்த 153 பேரைக் ‘கிறிஸ்டோசல்’ என்ற மனித உரிமை அமைப்பு ஆவணப்படுத்தியது. அவர்களில் ஒருவர்கூடத் தண்டிக்கப்பட்டவர் அல்லர். 2025க்குள் அந்த எண்ணிக்கை 400ஐத் தாண்டிவிட்டதாக உள்ளூர்ச் சட்ட உதவி அமைப்புகள் சொல்கின்றன. நிரபராதிகள் என்று சுமார் 8,000 பேரை விடுவித்ததாகப் புகேலேயே கூறினார். ஒரு வாதத்துக்கு அதையே ஏற்றுக்கொள்வோம். அந்த எட்டாயிரம் பேர் எந்த நீதிமன்றத்தில் எந்த ஆதாரத்தைக் காட்டி வெளியே வந்தார்கள்? அப்படியொரு வழி இருந்திருந்தால் எட்டாயிரத்து ஒன்றாவது ஆளுக்கும் அது திறந்திருக்கும்.

தெகோலூகாவில் 40,000 பேருக்கென்று கட்டிய ‘செகோத்’ சிறையைத்தான் தொலைக்காட்சிகள் திரும்பத் திரும்பக் காட்டுகின்றன. மொட்டைத் தலைகள், வெள்ளை அரைக்கால்சட்டை, வரிசையாகக் குனிந்த முதுகுகள். அங்கிருப்பவர்களில் முகம் முழுக்கப் பச்சை குத்திய பழைய கொலைகாரர்கள் நிறையப் பேர் என்பதில் ஐயமில்லை. ஆனால் சாவுகள் பெரும்பாலும் நடந்தவை மரியோனா, இசால்கோ போன்ற பழைய சிறைகளில். அங்கே கேமரா போவதில்லை. வாசலில் பெண்கள்தான் நிற்கிறார்கள். சோப்பு, மாத்திரை, உள்ளாடை, ஓட்ஸ் மாவு அடங்கிய பொட்டலத்தைக் கட்டிக்கொண்டு, அது மகனுக்குப் போய்ச் சேருகிறதா, மகன் உயிரோடுதான் இருக்கிறானா என்று தெரியாமல்.

கைதட்டியவர்கள்

2024 பிப்ரவரியில் புகேலே சுமார் 85 சதவீத வாக்கோடு மீண்டும் வென்றார். அடுத்தடுத்துப் போட்டியிட அரசியலமைப்பு இடம்கொடுக்கவில்லை. ஆனால் அவருடைய கட்சி நாடாளுமன்றத்தில் நியமித்த நீதிபதிகள் இடம்கொடுத்தார்கள். ஓட்டு போட்டவர்களை மந்தை என்று திட்டுவதற்கு எனக்கு மனம் வரவில்லை. ஆண்டுக்கணக்கில் ரெந்தா கட்டியவருக்கு அடுத்த தெருவில் நடக்க முடிவது ஓர் அரசியல் கொள்கை அன்று. அது உடம்பால் உணரும் விஷயம். லா கம்பனேராவில் இரவு பத்து மணிக்குப் பிள்ளைகள் பந்து விளையாடுகிறார்கள் என்றால், மனித உரிமை அறிக்கை எழுதுபவர் அந்தப் பந்தையும் அறிக்கையில் சேர்க்க வேண்டும். கும்பல்கள் அதற்கு முன்பிருந்த வடிவில் இப்போது இல்லை என்று 2023 பிப்ரவரியில் எழுதியது, புகேலேயின் பேரங்களை அம்பலப்படுத்திய அதே ‘எல் ஃபாரோ’தான். பத்திரிகைக்கு நாணயம் என்றால் அது.

ஆனால் அதே மக்களிடம் மத்திய அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின் கருத்தாய்வு நிறுவனம் 2025இல் கேட்டபோது, அரசை விமர்சித்தால் தங்களுக்குக் கெடுதல் நேரலாம் என்று பத்தில் ஏறத்தாழ ஆறு பேர் சொன்னார்கள். பார், கேள், வாயை மூடு. சுவரில் எழுதியிருந்ததற்கு வெள்ளையடித்தாயிற்று. மனதில் எழுதியிருந்ததன் மேல் வேறொருவர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

பலியானவர்களுக்கு என்ன கிடைத்தது என்ற கேள்வியை இரு தரப்புமே அதிகம் கேட்பதில்லை. கும்பல் காலத்தில் காணாமல் போனவர்களின் தாய்மார்கள் இன்னமும் தேடுகிறார்கள். காப்பித் தோட்டங்களிலும் கரும்புக் காடுகளிலும் புதைத்துவிட்டுப் போனார்கள். எங்கே என்று புதைத்தவனுக்குத்தான் தெரியும். இப்போது அவன் உள்ளே இருக்கிறான், கையெட்டும் தூரத்தில், அரசின் பிடியில். சில வழக்குகளில் குறிப்பிட்ட கொலைகளுக்கு நூற்றுக்கணக்கான ஆண்டுகள் தண்டனை விதித்ததும் உண்டு. ஆனால் உறுப்பினன் என்ற ஒரே குற்றச்சாட்டில் முப்பதாண்டு உள்ளே போகிறவனிடம், அந்தப் பையனை எங்கே புதைத்தாய் என்று யார் கேட்பார்கள்? கேட்பதற்கென்று இருக்கும் இடத்துக்குத்தான் நீதிமன்றம் என்று பெயர்.

நியூயார்க்கில் ஒரு வழக்கு

எம்எஸ்-13இன் உச்சத் தலைவர்கள் மீது முறைப்படியான வழக்கு ஒன்று நடந்திருக்க வேண்டிய இடம் ஒன்றிருந்தது. அது சால்வடாரில் இல்லை. 2020இன் இறுதியில் நியூயார்க்கில் அமெரிக்க அரசு 14 தலைவர்கள் மீது பயங்கரவாதக் குற்றம் சுமத்தியது. அவர்களில் பலரை ஒப்படைக்கச் சொன்னபோது சால்வடார் இழுத்தடித்தது. எல்மர் கனாலேஸ் என்ற ‘க்ரூக்’, சால்வடார் சிறையில் இருந்திருக்க வேண்டியவர், 2021 நவம்பரில் வெளியே விடப்பட்டு, 2023இல் மெக்சிகோவில் பிடிபட்டு அமெரிக்காவுக்குப் போனார். அந்த நீதிமன்றத்தில் சாட்சிக் கூண்டில் ஏறினால் பழைய பேரங்கள் அனைத்தும் பதிவேட்டில் ஏறும்.

2025 மார்ச்சில் டிரம்ப் அரசு வெனிசுவேலர்களை விமானத்தில் ஏற்றிச் செகோத்துக்கு அனுப்பியது. அவர்களை அடைத்து வைக்கச் சால்வடாருக்குப் பணமும் கொடுத்தது. அதே நாட்களில், நியூயார்க் வழக்கில் குற்றம் சாட்டப்பட்டோர் பட்டியலில் இருந்த தலைவர் சேசர் லோப்பேஸ் லாரியோஸ் மீதான குற்றச்சாட்டுகளை அமெரிக்க அரசுத் தரப்பே திரும்பப் பெற்று, அவரையும் சால்வடாருக்குத் திருப்பி அனுப்பியது. 1996இல் தண்டனை முடிந்தவர்களை அனுப்பினார்கள். இப்போது விசாரணையே முடியாதவரை அனுப்பியிருக்கிறார்கள்.

2025 மே மாதம் ‘எல் ஃபாரோ’ பாரியோ 18 தலைவர்கள் இருவரின் காணொளி நேர்காணலை வெளியிட்டது. புகேலே மேயர் தேர்தலில் நின்ற காலம் முதலே தொடர்பு இருந்ததாக அவர்கள் அதில் சொன்னார்கள். வெளியிட்ட கையோடு செய்தியாளர்கள் நாட்டை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. மே 18 அன்று, அரசின் ஊழல்களை விசாரித்து வந்த ‘கிறிஸ்டோசல்’ வழக்கறிஞர் ரூத் லோப்பேஸ் கைது செய்யப்பட்டார். ஜூலையில் அந்த அமைப்பும் தன் அலுவலகத்தை மூடிக்கொண்டு வெளியேறியது. அதே ஜூலை கடைசி நாளில், எத்தனை முறை வேண்டுமானாலும் அதிபராகலாம் என்று நாடாளுமன்றம் அரசியலமைப்பைத் திருத்தியது.

மரியோனா வாசலில் பொட்டலத்தோடு நிற்கும் பெண்களுக்கு உறவினர்களே ஒரு சங்கம் அமைத்திருக்கிறார்கள். மகன் மீதான வழக்கு எண் என்ன, அவன் எந்தத் தொள்ளாயிரத்தில் சேர்க்கப்பட்டிருக்கிறான், விசாரணை எந்தத் தேதியில் என்பவைதான் அவர்கள் கேட்பவை. விடுதலை செய் என்றுகூட எல்லோரும் கேட்பதில்லை, விசாரி என்கிறார்கள்.